புள்ளலூரும் சொப்பு விளையாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வார்கேம், அதாவது பழைய போர்களை மேசைமேல் ஆடும் ஆட்டம், ஆடுகிறவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்களையும் ஒரு பொருட்டாக மதித்து இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு வரி: "1780 புள்ளலூர்ப் போரைத் திப்புவின் ராக்கெட் முடித்துவைத்தது; முடிவு தெரிந்த போரை அட்டையும் பகடையும் வைத்து மறுபடி ஆடுவது பெரியவர்களின் சொப்பு விளையாட்டு." சதுரங்கம் ஆடினால் மேதை, நாங்கள் ஆடினால் சொப்பு. சரி, இருக்கட்டும்.

தாங்கள் அறியாததல்ல. காஞ்சிபுரத்துப் பெரும்படையோடு சேரப் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி ஆகஸ்ட் 25 அன்றே கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். அன்று கடந்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். இரவோடு இரவாக வெள்ளம். ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார். எதிரே நின்ற மைசூர் ஹைதர் அலிக்கு வேறென்ன வேண்டும்? அப்புறம் செப்டம்பர் 9 இரவு, காஞ்சிபுரம் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும்போது மறுபடி நின்றார். காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தவர் ஹெக்டர் மன்றோ, பக்ஸாரில் ஜெயித்தவர். சேர்த்துவைத்த அரிசியையும் பீரங்கிகளையும் விட்டுவர மனமில்லாமல் காத்திருந்தார். மறுநாள் காலை கிளம்பியும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் அந்தப் பெரிய பீரங்கிகளையே குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது உண்மைதான். வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. எதுவானாலும், அதற்குள் நாலாயிரத்துக்கும் குறைந்த அவருடைய படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தாகிவிட்டது.

புத்தகத்தில் படித்ததைவிட இதை நாங்கள் மேசையில்தான் புரிந்துகொண்டோம். படைகளைக் குறிக்கும் எல்லாக் கவுன்ட்டரையும் (அட்டை வில்லைகள்) கண்ணுக்குத் தெரியும்படி வைத்து ஆடினால், மன்றோ முதல் டர்னிலேயே கிளம்பிப் போய்ப் பெய்லியோடு சேர்ந்துகொள்வார். ஆட்டம் அங்கேயே கெட்டது. அதனால் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட முறைக்குப் போனோம். முழு நிலவரமும் நடுவருக்கு மட்டும்தான் தெரியும். செய்தியெல்லாம் துண்டுச் சீட்டில், அதுவும் தாமதமாக. மன்றோவாக ஆடுபவரை மாடிக்கு அனுப்பிவிடுவோம். எங்கள் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர், கதை முழுக்கத் தெரிந்தவர். ஆனால் ஹைதரின் பெரும்படை அந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மாடியில் தெரியாதல்லவா? "அரிசியை விட்டுட்டு எப்படிய்யா வர்றது?" என்று எழுதி அனுப்பினார். ராக்கெட் விதியை எடுத்துவிட்டும் ஆடிப் பார்த்திருக்கிறோம். ஆறு பொங்கி, மன்றோவும் நகராவிட்டால் பெய்லி தப்புவதே இல்லை. தங்கள் கட்டுரையாளர் இதைச் சொப்பு என்கிறார்.

இது முதல் தடவையும் அல்ல. செப்டம்பர் பிறந்தால் தங்களுக்கு ராக்கெட் ஞாபகம் வந்துவிடும். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியம் ஒரு பக்கம் முழுக்க வரும், பல்லக்கில் பெய்லியும் வெடிக்கிற வண்டியுமாக. அழகான ஓவியம், மறுக்கவில்லை. ஜெயித்தவர் வீட்டுச் சுவர் அது என்று கீழே ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போய்விடும்? அடுத்த வருடம், 1781 ஆகஸ்ட் 27 அன்று, அதே புள்ளலூரில் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் ஹைதரும் மோதினார்கள். அதில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் ஊரில் நிற்கின்றன. தங்கள் இதழில் அதைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு சொல்வது பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். இடமின்மை என்று பதில் வந்தது. அந்த வாரம் ஒரு நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்கு முழுப் பக்கம் இடம் இருந்தது. நாய்க்குட்டி மீது எனக்குக் கோபமில்லை.

வருத்தம் தெரிவியுங்கள் என்று கேட்கவில்லை. பழக்கமில்லாததைக் கேட்டு என்ன பயன்? கட்டுரையோடு போட்ட வரைபடத்தில் கொசஸ்தலை ஆறே இல்லை, அளவுகோலும் இல்லை. இரண்டையும் சேர்த்து அடுத்த இதழில் திரும்ப வெளியிட்டால் போதும். முடிந்தால் நடுப்பக்கம் வேண்டாம். ஸ்டேப்ளர் பின் சரியாகப் புள்ளலூர் மேல்தான் இறங்குகிறது.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
வாலாஜாபாத்.