சுலோசன முதலியார் பாலத்தைச் சிமெண்டால் பூச வேண்டாம்

ஆசிரியருக்கு,

திருநெல்வேலி ஜங்ஷனையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. ஊருக்கு ரயில் வந்ததே அதற்குப் பிறகுதான். 11 வளைவுகள். தாமிரபரணியைக் கடக்கப் படகை நம்பியிருந்த மக்களுக்காக, செலவைத் தன் கைப்பணத்தில் ஏற்றார் முதலியார். அந்தப் பெருமனம் எப்போதும் நினைக்கத் தக்கது.

பராமரிப்பில் ஒரு வேண்டுகோள். இத்தகைய பழைய வளைவுகளின் இணைப்புகளில் இருப்பது சுண்ணாம்புக் காரை. அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிறு அசைவுக்கும் இடம் கொடுக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கட்டுமானத்தின் முகப்பு செதில் செதிலாக உதிரும். பழுதான காரையைக் கையால் சுரண்டி, சுண்ணாம்பும் மணலும் கலந்தே நிரப்ப வேண்டும்.

இடுக்குகளில் முளைக்கும் அரச மரக் கன்றுகளையும் ஆலமரக் கன்றுகளையும் மேலோடு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுப்பதே சரி. வேர் ஆழமாகப் போயிருந்தால், வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் பட்டுப்போனபின் குழியை அடைக்க வேண்டும். மேல்தளத்து மழைநீர்த் துளைகளைப் பருவமழைக்கு முன் சுத்தம் செய்வது இதைவிட அவசரம். அவை அடைபட்டுத் தேங்கும் நீர்தான் ஈரமாகக் கட்டுமானத்துக்குள் இறங்குகிறது.

வாசகர்,
திருநெல்வேலி