பித்தப்பையை எடுப்பதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் பித்தப்பைக் கற்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரை, கல்லும் அதனால் வலியும் இருந்தால் லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை அகற்றிவிடுவதே தக்க வழி என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால், கல்லே இல்லாமல் ‘பித்தப்பை சரியாகச் சுருங்கவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்களைக் கட்டுரை ஒற்றை வரியில் கடந்துவிட்டது. அவர்களுள் சிலருக்குக் கோளாறு பித்தப்பையில் அல்லாமல் சிறுகுடலில் இருக்கலாம். அதற்கான காரணங்களுள் ஒன்றான சீலியாக் நோயைப் பற்றி, மருத்துவமனை உணவியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, சீலியாக் நோய் உள்ளவரின் நோயெதிர்ப்பு மண்டலம் அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. உணவுச் சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. மிகுதியாகச் சேதமடைவது இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடல். எண்ணெயும் நெய்யும் கலந்த உணவு வந்து சேர்ந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரப்பதும் அதே பகுதிதான்; அந்த ஹார்மோன் ரத்தத்தின் வழியே வந்து சேர்ந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். குடல் புண்பட்டிருக்கையில் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை. எனவே சாப்பிட்ட பிறகும் பித்தப்பை நிறைந்தே கிடக்கிறது. அழைப்பு மணி ஒலிக்காததால் எழுந்து வராத பணியாளை, வேலை தெரியாதவர் என்று சீட்டுக் கிழிப்பதைப் போன்றதுதான் இந்த நிலையில் பித்தப்பையை எடுத்துவிடுவது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சீலியாக் நோயாளிகளின் பித்தப்பை மந்தமாக இயங்குவதைப் பிரிட்டனின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1971-லேயே ‘லான்செட்’ இதழில் எழுதிவிட்டார்கள். குளூட்டனை நிறுத்திக் குடல் ஆறியதும் பித்தப்பை மறுபடி சுருங்கத் தொடங்குவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பித்தப்பை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் ஹைடா ஸ்கேனில் இந்த ஹார்மோனை ஊசியாகச் செலுத்தியும் சோதிப்பதுண்டு, கொழுப்புணவு கொடுத்தும் சோதிப்பதுண்டு. ஊசிக்குச் சுருங்கும் பித்தப்பை உணவுக்குச் சுருங்காமல் இருந்தால், மருத்துவரின் கவனம் குடலை நோக்கித் திரும்ப வேண்டும்.

‘அது வடநாட்டு நோய், நமக்கு வராது’ என்ற பேச்சை மருத்துவர்களிடமே கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை உண்டு. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வில், இந்நோய்க்கான எதிர்ப்பொருள்கள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கில் 0.10 பேரிடமுமே காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கினருக்கும் சற்று மேற்பட்டோரிடம் இருந்தது. பெரிதும் வேறுபட்டது சாப்பாடுதான்: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார்கள், தெற்கில் 25 கிராம். சர்க்கரை நோய்க்காக வீட்டுக்கு வீடு இரவில் சப்பாத்தி சுடுவதும், பரோட்டாவும் பிரெட்டும் சேமியாவும் அன்றாட உணவாகிவிட்டதும் நாம் அறிந்ததே. இதனால் இங்கும் நோய் பெருகிவிடும் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. தெற்கத்தியர் என்பதாலேயே ஒருவருக்குப் பரிசோதனை தேவையில்லை என்று முடிவு செய்வது பொருந்தாது என்றுதான் சொல்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் மாறாத ரத்தசோகை, காரணம் தெரியாத எடைக்குறைவு, நீண்டகால வயிற்றுப்போக்கு அல்லது உப்புசம், முதல் வகைச் சர்க்கரை நோய், நோயெதிர்ப்புக் கோளாறால் வரும் தைராய்டு நோய், உடன்பிறந்தோர் அல்லது பெற்றோரிடம் சீலியாக் நோய் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பவரிடம், கல்லில்லாப் பித்தப்பையை எடுப்பதற்கு முன் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையையும், அதனுடன் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் பார்த்துவிட வேண்டும். மொத்த ஐஜிஏ மிகக் குறைவாக இருப்பவருக்கு முதல் பரிசோதனை நோய் இல்லை என்று பொய்யாகக் காட்டும். நோய் உறுதியானால், சில மாதங்கள் குளூட்டன் இல்லாத உணவில் இருந்துவிட்டு, வலி நீடிக்கிறதா என்று பார்த்த பின் முடிவெடுக்கலாம்.

ரத்த அறிக்கைகளிலும் குழப்பம் வரும். சீலியாக் நோயே கல்லீரல் நொதிகளைச் சற்று உயர்த்தக்கூடும். வைட்டமின் டி உறிஞ்சப்படாமல் எலும்பு நலிந்தவருக்கு ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி கூடியிருக்கும்; பித்தநாளம் அடைத்தாலும் கூடுவது அதே நொதிதான். வலப்பக்க வயிற்றுவலியோடு இந்த அறிக்கையைப் பார்ப்பவர், பித்தநாளத்தில் கல் அடைத்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியின் அளவையும் சேர்த்துப் பார்த்தால், உயர்வு எலும்பிலிருந்து வந்ததா பித்தநாளத்திலிருந்து வந்ததா என்று பெரும்பாலும் விளங்கிவிடும். அறுவை தவிர்க்க முடியாததாகவே இருந்தாலும், வைட்டமின் கே குறைவால் ரத்தம் உறையத் தாமதமாகிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்வது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அது இன்னும் ஆபத்தானது. சீலியாக் நோய் இருப்பதை அறிந்த சிலர், கோதுமையை ஒதுக்கிவிட்டால் பித்தக்கல்லும் கரைந்துவிடும் என்று நம்பி அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள். உருவாகிவிட்ட கல்லை எந்தப் பத்தியமும் கரைக்காது. கரைப்பதற்கென்று தரப்படும் அர்சோடிஆக்சிகோலிக் அமில மாத்திரை, சுண்ணாம்பு படியாத சிறு கொழுப்புக் கற்களுக்கு மட்டுமே ஓரளவு உதவும். அதற்கும் மாதக்கணக்காகும், நிறுத்திய பின் கல் திரும்பவும் வரக்கூடும். குளிர்காய்ச்சல், மஞ்சள்காமாலை, மணிக்கணக்கில் விடாத மேல்வயிற்று வலி, கணைய அழற்சி என்று வந்தால் அது உணவுமுறையைப் பற்றி யோசிக்கும் நேரம் அல்ல. அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். மற்றபடி, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, எந்தத் தொல்லையும் தராத கல்லுக்குப் பெரும்பாலும் அவசரமில்லை. மிகப் பெரிய கல்லோ, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பித்தப்பைக் கட்டியோ இருந்தால் கணக்கு வேறு.

அறுவைக்குப் பிந்தைய உணவைப் பற்றி எழுதுவதற்கு என் தொழில் எனக்கு உரிமை தருகிறது. பித்தப்பையை எடுத்து மயக்கம் தெளிந்தவருக்கு எங்கள் பக்கத்து வார்டுகளில் வழக்கமாகப் போகும் தட்டு இதுதான்: பாலில் தோய்த்த பிரெட் அல்லது ரஸ்க், ரவைக் கஞ்சி, ஒரு தம்ளர் மால்ட் பானம். எண்ணெய் இல்லாததால் பித்தப்பை நோயாளிக்கு ஏற்ற உணவு என்று எல்லோரும் நினைக்கும் இந்தத் தட்டில், சீலியாக் நோயாளிக்கு ஆகாதவையே நிறைந்திருக்கின்றன. மறுநாள் வரும் ரசச் சோற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசிக் கஞ்சி, இட்லி, ராகிக்கூழ், பெருங்காயம் சேர்க்காத பருப்புத் தண்ணீர் என்று நம் சமையலறையிலேயே மாற்று இருக்கையில் இது தேவையே இல்லை. பித்தப்பை போன பிறகு சிலருக்குப் பித்த அமிலம் குடலில் இறங்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதற்கு மருந்து உண்டு. சீலியாக் நோயாளியிடம் அது குளூட்டனால் வந்ததா பித்த அமிலத்தால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டுமானால், தட்டில் என்ன போனது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைகள் அனுமதிப் படிவத்தில் மருந்து ஒவ்வாமையைக் கேட்கும் இடத்திலேயே குளூட்டனையும் கேட்டு, அந்தக் குறிப்பைச் சமையலறைக்கும் மருந்தகத்துக்கும் அனுப்பினால் போதும். பெரிய செலவு ஒன்றும் ஆகாது. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தமக்கும் இந்நோய் இருக்குமோ என்று ஐயுறும் வாசகர்கள், நாளையிலிருந்தே சப்பாத்தியை நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் ஆனவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அதன் பிறகு ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபி வழியே எடுக்கும் திசுப் பரிசோதனையும் உண்மையைக் காட்டாமல் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவமனை உணவியலாளர்,
மதுரை.