அந்த அறையைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் உடற்கல்வித் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் தடகளப் போட்டி பல்கலைக்கழக மைதானத்தில் நடந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். கூட வந்த பயிற்சியாளர்கள் எழுதியே கொடுத்தார்கள். இதுவரை பதில் இல்லை என்பதால், ஓடிய பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பாவாக நான் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து விடியும் முன்பே வேனில் கிளம்பினோம். கேலரிக்குக் கீழே, நீல எழுத்தில் 'பெண்கள்' என்று எழுதிய கதவு இருக்கிறது. உடை மாற்றும் இடமும் கழிப்பறையும் அதற்குள்தான். கதவில் பூட்டு. வாட்ச்மேனைக் கேட்டால் சாவி ஆபீசில் என்றார். ஆபீசில் கேட்டால் சாவி சாரிடம், சார் லீவு என்றார்கள். கடைசியில் படிக்கட்டின் அடியில் இரண்டு பிள்ளைகள் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக உடை மாற்றினார்கள். நானும் மற்ற அப்பாக்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றோம்.

உடையாவது மாற்றிவிட்டார்கள். கழிப்பறைக்கு மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். போட்டி நடுவில் அதற்கு யார் போக முடியும்? அதனால் காலையிலிருந்தே பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, நல்ல வெயிலில் 1500 மீட்டர் தொடங்கியது. மூன்றே முக்கால் சுற்று. மூன்றாவது சுற்றின் வளைவில், முன்னால் ஓடிக்கொண்டிருந்த பெண் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் மகள் அல்ல, அவளோடு படிக்கிற கடற்கரை ஊர்ப் பிள்ளை. உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. எலெக்ட்ரால் கரைத்துக் கொடுத்தேன். பாட்டிலைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இதைக் குடிச்சா பிறகு நான் எங்க போவ, அங்கிள்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அறை திறந்திருக்க வேண்டும். போட்டி நாளில் மட்டும் போதாது, பயிற்சி நடக்கிற எல்லா நாளும்.

பல்கலைக்கழக மைதானம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 1988 ஜனவரி 25 அன்று திருவனந்தபுரம் பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். இந்தியாவுக்கும் வெஸ்ட் இண்டீசுக்கும் ஒருநாள் போட்டி. ஸ்ரீகாந்த் 101 எடுத்தார். அப்புறம் பில் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104 எடுத்து நம்மைத் தோற்கடித்தார். நான் அழுத அழுகைக்கு அப்பா பஸ்ஸில் வரும்போது வேறு கதை சொன்னார். 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது நாகர்கோவிலும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது, 1956இல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதனால் அந்த ஸ்டேடியமும் ஒருவகையில் நம்முடையதுதான் என்றார். பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் நிலத்தில்தான் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் எழுந்தது. நாங்கள் உங்களிடம் அவ்வளவு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சிந்தெடிக் டிராக் வரும் என்று வருடாவருடம் சொல்கிறீர்கள். எட்டு லேன், ஒவ்வொன்றும் 1.22 மீட்டர், பெரிய செலவு. சரி, காத்திருக்கிறோம். ஒரு பூட்டைத் திறக்க எதற்குக் காத்திருக்க வேண்டும்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் போராடித்தான் ஆக வேண்டுமா? கடையாலுமூடு சமீஹா பர்வீன், செவித்திறன் குறைந்த நீளம் தாண்டும் வீராங்கனை. 2021இல் போலந்தில் நடந்த போட்டிக்கு அனுப்பச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் உத்தரவு வாங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் கோர்ட்டுக்குப் போக முடியாது. பாதிப் பேர் வீட்டில் "உனக்கு எதுக்கு இந்த ஓட்டம்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் மைதானத்துக்கே வருகிறார்கள். பெட்ஷீட் மறைவில் உடை மாற்றியது ஊரில் தெரிந்தால் அடுத்த வருடம் எத்தனை பேரை அனுப்புவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

வேதனையில் வார்த்தை கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த மாதம் அதே மைதானத்தில் பெண்கள் கபடிப் போட்டி இருக்கிறது. அதற்குள் அந்த அறையைத் திறந்து கழுவி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் லைட்டும் போட்டு, டேங்கில் தண்ணீர் ஏற்றி வையுங்கள். ஒரு சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும், இன்னொன்றை அன்றைக்கு வரும் பெண் பயிற்சியாளரிடம் கொடுங்கள். தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு மாணவியின் அப்பா,
மார்த்தாண்டம்