உன் மாமாவுக்குப் போன் செய்தேன்

அன்புள்ள கயல்,

நேற்று மாலை உன் மாமாவுக்கு நானே போன் செய்தேன். என்னைத் திட்டுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு.

தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் இருக்கிறது என்று தீபாவளிக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். நிம்மதிதான், ஆனால் அடைப்பு போகவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி விடாப்பிடியாக நம் புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், இழுத்துக்கொண்டு போனார்.

சின்சே என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார், நம் சித்த வைத்தியர்களைப் போலவே. இடது கையில் நடுவிரல் படும் இடம் கல்லீரலுக்கு உரியதாம். முறுக்கிய வீணைத் தந்திபோல் நாடி விறைத்திருக்கிறது என்றார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "யார் மேல் கோபம்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இந்த அடைப்புக்கு அவர்களிடம் பெயரே இருக்கிறது: பிளம் கொட்டை ச்சி. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. தொண்டையில் சுட்ட இறைச்சித் துண்டு சிக்கியதுபோல் பெண்களுக்கு வரும் என்று ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதி, மருந்தும் சொல்லியிருக்கிறார். (நம் வீட்டில் 'ச்சீ' என்றால் அருவருப்பு. அவர்களுக்கு 'ச்சி' என்றால் உடம்பில் ஓடும் உயிர்க்காற்று!)

அவர்களுடைய பழைய நூலான ஹுவாங்டி நெய்ஜிங்கின்படி, கோபத்தில் ச்சி மேலே ஏறும், துக்கத்தில் கரையும், பயத்தில் கீழே இறங்கும், ஓயாத யோசனையில் முடிச்சு விழும். கோபம் தாக்குவது கல்லீரலை. பயம் தாக்குவது சிறுநீரகத்தை. நமக்கோ பயந்தால்தான் ஈரக்குலை நடுங்குகிறது. தான் சொல்லும் கல்லீரல் ஸ்கேனில் தெரியும் கல்லீரல் அல்ல என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு சீன எழுத்துகள் எழுதிக் காட்டினார். ஒன்று கோபம், மற்றது மன்னிப்பு. பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. இரண்டிலும் கீழே இதயம், மேலே இடப்பக்கம் பெண். வலப்பக்கம் மட்டும்தான் வேறு. மன்னிப்பில் அங்கே 'வாய்' இருக்கிறது. கோபத்தில் இருக்கும் எழுத்துக்கு 'மறுபடியும்' என்று பொருளாம். எழுத்தின் மேற்பாதி ஒலிக்காக வைத்தது, அதில் பொருள் தேடக்கூடாது என்பார்களாம் அறிஞர்கள். தேடட்டும், தேடாமல் இருக்கட்டும். அந்த 'மறுபடியும்' என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

ஆச்சியின் வளையல்களை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் மாமா விற்றுவிட்டான். அது உண்மை. ஆனால் அந்தக் கதையை உனக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சோறு பிசையும்போது, துணி மடிக்கும்போது, மறுபடியும் மறுபடியும். அப்போது உனக்குப் பதினான்கு வயது. உன்னை அவன் ஒன்றும் செய்யவில்லை. தைப்பூசத்துக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நடந்தவன் அவன். உன் கல்யாணத்துக்கு அவனை அழைக்க வேண்டாம் என்று நீ சொன்னபோது உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. அந்தக் கோபம் உன்னுடையது அல்ல, கயல். நான் ஊட்டியது.

போனை எடுத்ததும், "அக்கா, சாப்பிட்டாயா?" என்றான். இருபது நிமிடம் அவனுடைய மூட்டுவலியைப் பற்றியே பேசினோம். வளையல் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, தெரியவில்லை. தொண்டையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கஷாயம் குடிக்கிறேன், அதில் எனக்கு அடையாளம் தெரிந்தது இஞ்சி மட்டும்தான்.

வைக்கும் முன் உன் எண்ணைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா என்று எழுது.

அம்மா