பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை

கும்பகோணம்
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீல டிக் விழுகிறது, மிஞ்சிப்போனால் ஒரு கட்டைவிரல் வருகிறது. அதனால்தான் தபால்.

உன் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பரீட்சையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. கொல்லை முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. அத்தை வந்து நாலு நாள் இருந்தாள். வழக்கப்படி அந்த விஷயத்தை எடுத்தாள், நானும் வழக்கப்படி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். போன சனிக்கிழமை ஒப்பிலியப்பன் கோவிலுக்குப் போனோம். எதற்கென்று கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்காதே.

பொங்கலுக்கு வந்தபோது, இதைப் படித்து முடித்தாயிற்று, இனிக் கேள்விகள்தான் என்று சொல்லி ஒரு தடிப் புத்தகத்தை விட்டுப்போனாயே, அந்தப் பரீட்சைக்கான சிஐஎஸ்எஸ்பி புத்தகம், அதை மத்தியானங்களில் எடுத்துப் படிக்கிறேன். எட்டுப் பிரிவு. என்க்ரிப்ஷன் வந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நெட்வொர்க்குக்கு ஏழு அடுக்கு என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் மற்றதெல்லாம் எங்கள் பேங்க்தானடா. ஒரு பெட்டகத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய பெயர் கொடுத்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஜாயின்ட் கஸ்டடி என்போம். ஒரு சாவி மேனேஜரிடம், இன்னொன்று என்னிடம். உனக்கு அம்மை போட்டிருந்தபோது எனக்கும் காய்ச்சல். அப்படியும் ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்துப் போய்ச் சாவி போட்டுத் திறந்துவிட்டு வந்தேன். நான் போகாவிட்டால் அன்றைக்குக் கவுன்டரில் பணம் கிடையாது. பாட்டி அதை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினாள்.

முதல் பக்கத்தில் 'மேனேஜர் மாதிரி யோசி' என்று பென்சிலில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். 34 வருஷம் மேனேஜர்களைப் பார்த்தவள் நான், அவர்கள் யோசித்துப் பார்த்ததில்லை. நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. நாலு விடையுமே சரிபோலத்தான் இருக்கும், அதில் மிகச் சரியானதைத் தொட வேண்டும். ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குகிறவன் தோற்பான், இதனால் என்ன நஷ்டம், யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் கேட்கிறவன் தேறுவான் என்றாய். உனக்கு அது கஷ்டம்தான். மிக்ஸி ஓடவில்லை என்றால் பிளக்கைக்கூடப் பார்க்காமல் திருப்புளியோடு உட்காருகிற பிள்ளை நீ. ஆனால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய். அத்தை பையன்களில் ஒருவனுக்காவது அது வருமா?

மூன்று மணி நேரம், 100 கேள்விக்குக் குறையாமல், 150-க்கு மேற்படாமல். ஒன்றைத் தாண்டிவிட்டால் திரும்பிப்போய்த் திருத்த முடியாது. நீ போடுகிற விடையைப் பார்த்து மெஷின் அடுத்த கேள்வியை எடுத்துப் போடுமாம். எப்போது நிற்கும் என்றும் தெரியாதாம். 100-லேயே நின்றுவிட்டால் அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் எழுந்து வெளியே வர வேண்டும், அங்கே ஒரு காகிதம் கொடுப்பார்கள். தேறியவர்களுக்கு மார்க் போட மாட்டார்கள். தேறாதவர்களுக்குத்தான் எந்தப் பிரிவில் எப்படி என்று விவரமாக இருக்குமாம். இதென்ன முறை, தோற்றவனிடம் மட்டும் வியாக்கியானம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். சும்மா படித்தேன். முதல் தடவைக்குப் பிறகு 30 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள் என்பதும் சும்மா படித்ததுதான். நீ எழுதிய சனிக்கிழமையிலிருந்து இன்றோடு 19 நாள். 749 டாலர் கட்டணம் உன் கம்பெனி கொடுத்ததா நீ கொடுத்ததா என்றும் நான் கேட்கவில்லை. இங்கே என் டெபாசிட் ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஒருவேளை தேறிவிட்டாயோ என்னவோ. தேறினாலும் ஏற்கெனவே அந்த சிஐஎஸ்எஸ்பி பட்டம் வாங்கிய ஒருவர் உன் ஐந்து வருஷ அனுபவத்துக்குச் சான்று கொடுக்க வேண்டுமாமே, அதற்கு 9 மாதம் அவகாசமாமே. எல்லாம் முடிந்து சொல்லலாம் என்றிருக்கிறாயோ? அப்படியென்றால் நன்றாக உதைப்பேன்.

நேரத்துக்குத் தூங்கு. தீபாவளிக்கு நீ ஒன்று சொன்னாய்: சர்வர் ரூமில் தீ என்று கேள்வி வந்தால், மற்ற மூன்று விடை எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும், மனிதர்களை வெளியேற்று என்பதைத்தான் தொட வேண்டும், உயிருக்கு அப்புறம்தான் டேட்டா என்று. அதைப் புத்தகத்திலும் தேடிப் பார்த்தேன், இருக்கிறது. நீ அதை மறக்க மாட்டாய்தானே?

இனி எழுதப் போவதை அப்பாவிடம் சொல்லாதே. அவர்தான் இதைத் தபாலில் போடப் போகிறார். பிரிக்க மாட்டார்.

2006-ல் எங்கள் கிளை கோர் பேங்கிங்குக்கு மாறியது, எல்லாக் கிளைக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் வருகிற முறை. நான் ஸ்பெஷல் அசிஸ்டென்ட். ஒருவர் வவுச்சரைப் பதிய வேண்டும், இன்னொருவர் தன் பாஸ்வேர்டைப் போட்டுப் பாஸ் செய்ய வேண்டும். பாஸ் செய்கிறவள் நான். அது ஆடி மாதம், தள்ளுபடியின் கடைசி நாள். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், இன்னும் பத்துப் பதினைந்து வவுச்சர் பாக்கி. ஒரு செலான் பின்னால் என் பாஸ்வேர்டை எழுதிப் பக்கத்து சீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். உன்னை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் போனது புடவைக்குத்தான். அரக்குக் கலர், அத்தை கல்யாண நாளுக்குக் கட்டினேனே, அது. பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? உன் பெயரும் 1992-ம். அப்புறமும் மாற்றவில்லை. கேட்கும்போதெல்லாம் அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரின் கணக்கு, வருஷக்கணக்காக யாரும் தொடாதது. மூன்று தவணையில் 38,000 ரூபாய் போயிருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு பிரிண்ட் அவுட்டை என் முன்னால் வைத்து, "மேடம், இது உங்க ஐடிதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? வாத்தியாருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. நான் எடுத்தேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு இன்கிரிமென்ட் கட், ஆபீசர் லிஸ்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, வடக்கே போடுவார்கள், தம்பி பத்தாவது வரப்போகிறான், அதனால் ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அப்பா அதை நம்பிக் கல்யாண வீடெல்லாம் சொன்னார். பாட்டியே முதல் தடவையாக என்னைப் பற்றி நல்லதாகப் பேசினாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நீ அரியர் வைத்த செமஸ்டரில் நானே வாய் கூசாமல் அதை உன்னிடம் சொல்லிக்காட்டினேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். இப்போதும் அந்தத் தட்டுச் சத்தம் கேட்கிறது. அப்புறம் நீ இந்த உத்தியோகத்துக்குத்தான் போகிறேன் என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உன்னால் எனக்கு எந்த ப்ரமோஷனும் போகவில்லை, தம்பி.

புத்தகத்தில் கட்டாய லீவு என்று ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பாய். ரிசர்வ் வங்கியும் முக்கியமான சீட்டில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு முறை, முன்னால் சொல்லாமல், குறைந்தது 10 வேலை நாள் ஒரே மூச்சில் லீவில் அனுப்பச் சொல்கிறது. உன் மேனேஜரிடம் இதைக் காட்டு. ராத்திரி மைசூர் வண்டியில் ஏறினால் விடிகாலையில் இங்கே இருப்பாய், அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அத்தையை அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வர முடியாது, புத்தகம் மட்டும் வேண்டும் என்றால் கூரியரில் அனுப்புகிறேன். 412-ம் பக்கத்தில் கொஞ்சம் குழம்பு சிந்திவிட்டது, துடைத்துவிட்டேன், எழுத்து தெரிகிறது.

அன்புடன்,
அம்மா