சாமிக் கதைய வெட்டாம போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய நாகரிகத்து சாமிக் கதைங்கள தமிழ்ல சுருக்கி எழுதுறப்போ ஒரு விஷயம் மட்டும் காணாமப் போயிடுது. ஆணும் பெண்ணும் கலந்த சாமியோ ரெண்டுலயும் சேராத பாத்திரமோ வந்தா அந்த இடத்த அப்படியே தாண்டிப் போயிடுறாங்க. அர்த்தநாரீஸ்வரர வச்சுக் கும்பிடுற நமக்கு இதுல என்ன கூச்சம்?

இப்போ ஈராக் இருக்குற பக்கத்துல இருந்த பழைய சுமேரியாவோட பெண் தெய்வம் இனன்னா கதையவே எடுத்துக்கோங்க. பாதாளத்துக்குப் போன இனன்னா செத்துப்போயிடுறா, உடம்பு கொக்கியில தொங்குது. பெரிய சாமிங்களான என்லிலும் நன்னாவும் கைவிரிச்சுட்டாங்க. என்கிங்கிற சாமிதான் தன் நகத்து அழுக்க எடுத்து குர்கரா, கலதுரான்னு ரெண்டு பேர உண்டாக்கி அனுப்புறார், இவங்க ஆணும் இல்ல பெண்ணும் இல்லன்னு ஆய்வாளர்கள் பல பேர் சொல்றாங்க. ஈ மாதிரி கதவு இடுக்குல நுழைஞ்சு உள்ள போனா அங்க பாதாள ராணி எரெஷ்கிகல் வலியில துடிச்சிட்டு கெடக்குறா, அவ ஐயோன்னு முனகுனா இவங்களும் கூடவே ஐயோங்கிறாங்க, அதுல அவ மனசு எளகி ஒரு ஆத்துத் தண்ணி தரேன் ஒரு வயல் தானியம் தரேன்னு சொல்றா, எதுவும் வேணாம் கொக்கியில தொங்குற உடம்ப மட்டும் குடுங்கன்னு வாங்கி உயிர் குடுக்குறாங்க. பெரிய சாமிங்க செய்யாதத இவங்க செஞ்சாங்க. இத போய் "தூதர்கள் காப்பாத்தினாங்க"ன்னு ஒத்த வரியில முடிச்சா கதையில மிச்சம் என்ன இருக்கு?

கிமு 2300 வாக்குல 'ஊர்'ங்கிற பேருள்ள சுமேரிய நகரத்துல தலைமைப் பூசாரியா இருந்த என்ஹெடுவான்னா பேர்ல ஒரு துதிப்பாட்டு இருக்கு, ஆண பெண்ணாவும் பெண்ண ஆணாவும் மாத்துறது உன் சக்தின்னு இனன்னாவ அதுல பாடியிருக்காங்க. எகிப்துல நைல் வெள்ளத்தோட சாமி ஹாப்பிக்கு தாடியும் உண்டு, தொங்குற மார்பும் பெருத்த வயிறும் உண்டு. வருஷா வருஷம் வெள்ளம் வந்து மண்ண செழிக்க வைக்கிற வளத்த அப்படி காட்டியிருக்காங்க. சைப்ரஸ்ல, கிரேக்கர்களோட காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியே தாடி வச்ச உருவத்துல இருந்திருக்கா. வடக்கு ஐரோப்பாவுல லோகிங்கிற ஆண் சாமி பெண் குதிரையா மாறி எட்டுக் கால் குதிரை ஸ்லைப்னிர பெத்த கதை வேற.

அதுக்காக அந்தக் காலத்துல எல்லாரையும் மதிச்சாங்கன்னு எழுதிடவும் கூடாதுங்க. ஆணும் பெண்ணும் கலந்த சாமியான ஹெர்மாஃப்ரொடைட்டஸ அழகழகா சிலையா செதுக்கி வச்ச அதே ரோமானியர்கள், கிமு 207ல ஆணா பெண்ணான்னு தெரியாம பொறந்த ஒரு குழந்தைய கெட்ட சகுனம்னு பெட்டியில வச்சு கடல்ல விட்டாங்கன்னு ரோம் வரலாறு எழுதின லிவி எழுதி வச்சிருக்கார். அத படிச்சா மனசு ஆறவே மாட்டேங்குது. இதையும் சேத்துத்தான் சொல்லணும்.

அதனால இனன்னா கதை போட்டா குர்கரா, கலதுரா பேரையும் அவங்க செஞ்சதையும் முழுசா போடுங்க, ஹாப்பி படம் வரைஞ்சா தாடியோட மார்பையும் சேத்து வரையச் சொல்லுங்க. பசங்க கேள்வி கேப்பாங்களேன்னு தயங்க வேணாம், கேக்கட்டும், பதில் கதையிலயே இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்