ஸ்மார்ட்வாட்ச் நிறுவனங்களுக்கு: கவனிக்காமல் விட்ட நேரத்தையும் காட்டுங்கள்

ஸ்மார்ட்வாட்ச் செய்து விற்கும் எல்லா நிறுவனங்களுக்கும் வணக்கம்.

எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏஃபிப்) என்ற, இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோய் இருக்கிறது, விட்டு விட்டு வரும் வகை. மருத்துவமனையில் இசிஜி எடுக்கும்போதெல்லாம் சமர்த்தாகத் துடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்ததும் வேலையைக் காட்டும். படபடப்பு வந்த அந்த நிமிடத்திலேயே கடிகாரத்தில் விரலை வைத்து, 30 விநாடி இசிஜி எடுத்து, அடுத்த முறை மருத்துவரிடம் நீட்ட முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, 24 மணி நேரம் இசிஜி பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு நாளுக்குள் வந்து தொலையாதா என்று காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் கடிகாரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

கடிகாரம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? இதைத்தான் கேட்க வந்தேன்.

விரல் வைத்து எடுக்கும் இசிஜி வேறு, ஒழுங்கற்ற துடிப்பு இருக்கிறதா என்று பின்னணியில் தானாக நடக்கும் தேடல் வேறு. பின்னணித் தேடலில் கடிகாரம் பச்சை ஒளியை மணிக்கட்டில் பாய்ச்சி, தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதை வைத்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறது. கை ஆடினால் கெட்டது. பட்டை தளர்ந்தாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் அப்படித்தான். அதனால் பல கடிகாரங்கள் கை அசையாத நேரமாகப் பார்த்து இடையிடையே மட்டும் சோதிக்கின்றன. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து நடந்த ஆப்பிள் ஹார்ட் ஸ்டடி என்ற ஆய்வில் ஒரு முறை ஒழுங்கற்றுத் தெரிந்தவுடன் அறிவிப்பு வந்துவிடாது, 48 மணி நேரத்துக்குள் 6 சோதனையில் 5 ஒழுங்கற்று இருந்தால்தான் வரும். நல்ல ஏற்பாடுதான், இல்லாவிட்டால் தவறித் துடிக்கும் ஒன்றிரண்டு எக்டோபிக் துடிப்புக்கெல்லாம் ஊரே மருத்துவமனைக்கு ஓடும். ஆனால் அரை மணி நேரம் வந்துவிட்டுப் போகிற ஏஃபிப் இந்தச் சல்லடையில் நிற்காமல் போகலாம் என்பதும் இதிலேயே இருக்கிறது.

ஆக, கடிகாரம் பார்த்து எல்லாம் சரியாக இருந்திருக்கலாம். பார்த்து, சந்தேகப்பட்டு, போதிய ஆதாரம் இல்லாமல் விட்டிருக்கலாம். பார்க்கவே முடியாமலும் போயிருக்கலாம். மூன்றுக்கும் எங்களுக்குத் தெரிவது ஒரே வெற்றுத் திரை. இதில் ஒரு வேடிக்கை, கை நன்றாக அசையாமல் இருப்பது தூக்கத்தில், நம்மில் பலர் கடிகாரத்தைக் கழற்றிச் சார்ஜரில் போடுவதும் அப்போதுதான்.

அந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர், அறிவிப்பு வந்தது 0.52 சதவீதம் பேருக்கு, 65 வயது தாண்டியவர்களில் மட்டும் 3.1 சதவீதம். அறிவிப்பு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நெஞ்சில் ஒட்டும் இசிஜி பேட்ச் அனுப்பினார்கள், அதை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு அதில் ஏஃபிப் பதிவானது. (மீதிப் பேருக்குக் கடிகாரம் பொய் சொன்னது என்று இதைப் படிக்கக் கூடாது, பேட்ச் வந்து சேரும்போது அது போயிருக்கலாம், இந்த நோயின் குணமே அதுதான். பேட்ச் ஒட்டியிருந்தபோதே வந்த அறிவிப்புகளில் 84 சதவீதம் சரியாக இருந்தன.) அறிவிப்பு வராதவர்களுக்குப் பேட்ச் அனுப்பப்படவில்லை. அவர்களில் எத்தனை பேருடைய ஏஃபிப் கடிகாரத்தின் கண்ணில் படாமல் போனது என்பதற்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது.

இது உங்களுக்குத் தெரியாததும் இல்லை. 2018-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆப்பிளின் இந்த அறிவிப்பு வசதிக்கு அனுமதி கொடுத்த குறிப்பிலேயே, ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வராது, அறிவிப்பு வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது என்று எழுதியிருக்கிறது. அது இருக்கவேண்டிய இடம் யாரும் திறக்காத கையேடா? இசிஜி செயலியில் மாரடைப்பை இது கண்டுபிடிக்காது என்று பட்டவர்த்தனமாகத் திரையில் போடத் தெரிகிறதே, இதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

எனக்குக் கோபம் வருவது மாத்திரை விஷயத்தில். ஏஃபிப்பில் பயப்படவேண்டியது படபடப்புக்கு அல்ல. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருகிறதே, அதற்குத்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் வைத்து மருத்துவர் முடிவு செய்கிறார். ஆனால் "வாட்ச் ரொம்ப நாளாக ஒன்றும் சொல்லவில்லை, நானே நிறுத்திவிட்டேன்" என்று சொல்கிறவர்களை என்னைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். இத்தனைக்கும், ஏஃபிப் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு வசதி உரியதே அல்ல என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன, எங்கே சொல்கின்றன என்று கேட்டால் மறுபடியும் கையேடுதான்.

இன்னும் அதிகமாக எச்சரியுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. 2021-இல் வந்த லூப் ஆய்வில் தோலுக்கடியில் கருவி வைத்து இடைவிடாமல் கண்காணித்தார்கள், வழக்கமான கவனிப்பைவிட மூன்று மடங்கு பேருக்கு ஏஃபிப் கண்டுபிடித்தார்கள், அப்படியும் பக்கவாதம் குறிப்பிடும் அளவுக்குக் குறையவில்லை. நிறைய கண்டுபிடிப்பதே நன்மை என்று ஆகிவிடாது. எனக்கு வேண்டியது கணக்கு. இந்த வாரம் இத்தனை மணி நேரம் கட்டியிருந்தீர்கள், அதில் இத்தனை சோதனை சரியாக அமைந்தது, இத்தனை கெட்டுப்போனது, ஒழுங்கற்றுத் தெரிந்தது இத்தனை. அவ்வளவுதான்.

முடியாது என்று சொல்லாதீர்கள். 2022-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏஃபிப் வரலாறு என்ற வசதி, வாரத்தில் 5 நாள், நாளுக்கு 12 மணி நேரமாவது கட்டியிருந்தால்தான் எத்தனை சதவீத நேரம் ஏஃபிப் இருந்தது என்று காட்டும், அப்போதும் பூஜ்யம் என்று ஒருபோதும் காட்டாது, 2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு என்றுதான் சொல்லும். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஆனால் அது ஏஃபிப் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும். தெரியாதவர்களுக்கும் அதே நேர்மையைக் கொடுங்கள், மற்ற நிறுவனங்களும் கொடுங்கள்.

அப்புறம், பச்சை ஒளியைக் கருத்த தோல் கூடுதலாக உறிஞ்சும். உங்கள் கருவி எந்த நிறத் தோலில் எவ்வளவு சோதனையைத் தவறவிடுகிறது என்ற கணக்கைத் தனித்தனியாக வெளியிடுங்கள். பேட்டரி சேமிப்பு முறையைப் போட்டால் பின்னணித் தேடல் நின்றுபோகும் கடிகாரங்களும் உண்டு, அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே "இதயத்துடிப்பைக் கவனிப்பதும் நிற்கும்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். இதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, அடுத்த அப்டேட்டிலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
ஏஃபிப் உள்ள ஒரு வாடிக்கையாளர்